மழைக்காலக் காட்டுயிர் ஒளிப்படக்கலை

மழைக்காலக் காட்டுயிர் ஒளிப்படக்கலை என்பது, பருவமழை பெய்யும் மாதங்களில் காட்டுயிர்களை அவற்றின் இயற்கையான வாழிடத்திலேயே ஒளிப்படமாகவும் நிகழ்படமாகவும் பதிவு செய்யும் கலையும் தொழினுட்பமும் ஆகும். இது காட்டுயிர் ஒளிப்படக்கலையின் ஒரு கிளையாகும். குறைந்த ஒளி, இடைவிடாத ஈரம், வழுக்கும் நிலம் ஆகியவற்றால் இது கடினமான பணியாகக் கருதப்படுகின்றது. எனினும் தவளைகள், பூச்சிகள், பூஞ்சைகள், பல பறவைகள் ஆகியவற்றின் இனப்பெருக்கம் மழையை ஒட்டியே நிகழ்வதால், இவற்றின் வாழ்க்கையைப் பதிவு செய்ய மழைக்காலமே ஏற்ற காலமாகும். அதே காரணத்தால், படமெடுப்பவரால் உயிரினங்களுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பும் இக்காலத்திலேயே மிகுதியாக உள்ளது. இக்கட்டுரை இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கலையை விளக்குகின்றது.

பருவமழையும் காடும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1600 கி.மீ. நீளத்துக்கு இந்தியாவின் மேற்குக் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது. இதன் 39 இடங்கள் 2012ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டன. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக சூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தை அடைந்து, மலையின் மேற்குச் சரிவில் செப்டம்பர் வரை பெய்கின்றது. கருநாடகத்தின் ஆகும்பே, மகாராட்டிரத்தின் அம்போலி போன்ற இடங்களில் ஆண்டு மழையளவு 7000 மி.மீ. அளவை எட்டுவதுண்டு. தமிழ்நாட்டில் வால்பாறை அருகிலுள்ள சின்னக்கல்லாறு மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும்.

மலையின் கிழக்குச் சரிவு இதற்கு மாறானது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. எனவே ஒரே மலைத்தொடரில் இரண்டு மழைக்காலங்கள் உள்ளன. ஓர் உயிரினத்தை எப்போது தேடுவது என்பது, அது மலையின் எந்தப் பக்கத்தில் வாழ்கின்றது என்பதைப் பொறுத்தது.

மழைக்காலத்தில் பதிவு செய்யப்படும் உயிரினங்கள்

கோடைக்காலக் காட்டுயிர்ப் படங்களில் புலி, யானை, காட்டெருது போன்ற பெரிய பாலூட்டிகளே மிகுதியாக இடம்பெறுகின்றன. நீர்நிலைகள் சுருங்கும்போது அவை ஒரே இடத்துக்கு நீர் அருந்த வருவதே இதற்குக் காரணம். மழை தொடங்கியதும் காடெங்கும் நீர் கிடைப்பதாலும் புதர்கள் அடர்ந்து வளர்வதாலும் அவற்றைக் காண்பது அரிதாகின்றது. அப்போது சிறிய உயிரினங்களே காட்டில் முதன்மையாகத் தென்படுகின்றன.

நீர்நில வாழ்வன

மழைக்காலப் பதிவுகளில் தவளைகள் முதலிடம் பெறுகின்றன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது ஊதாத் தவளை ஆகும். எசு. டி. பிஜு, பிராங்கி போசூட் ஆகியோர் 2003ஆம் ஆண்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து இதனை நாசிகாபட்ராக்கசு சகியாத்ரென்சிசு என்னும் பெயரில் விவரித்தனர். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் இத்தவளை, மழை தொடங்கும் காலத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளிவருகின்றது. இதன் தலைப்பிரட்டைகள் உறிஞ்சி போன்ற வாயால் ஓடையின் பாறைகளைப் பற்றிக்கொண்டு விரைவான நீரோட்டத்தில் வளர்கின்றன. 2017ஆம் ஆண்டில் இப்பேரினத்தின் இரண்டாவது இனம், தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவிலிருந்து விவரிக்கப்பட்டது. மறைந்த ஊர்வனவியலாளர் சு. பூபதியின் நினைவாக இதற்கு நாசிகாபட்ராக்கசு பூபதி எனப் பெயரிடப்பட்டது. இவ்வினத்தின் இனப்பெருக்கம் வடகிழக்குப் பருவமழையோடு தொடர்புடையது.

மலபார் பறக்கும் தவளை, நீர்நிலைக்கு மேலே தொங்கும் இலைகளில் நுரைக்கூடு அமைத்து முட்டையிடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. சமவெளியில் வாழும் இந்திய ஏரித் தவளையின் ஆண்கள், முதல் பெருமழைக்குப் பின் மஞ்சள் நிறமடைந்து, நீல நிறக் குரற்பைகளை ஊதிக் கத்துகின்றன. இந்நிறம் குறுகிய காலமே நீடிக்கும்.

நடனத் தவளைகள் எனப்படும் மைக்ரிக்சலசு பேரினத்தைச் சேர்ந்த 14 புதிய இனங்கள் 2014ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டன. ஓடையின் இரைச்சலில் குரல் மட்டும் போதாமையால், இவற்றின் ஆண்கள் பின்னங்காலை நீட்டி அசைத்து மற்றவற்றுக்குச் செய்தி தெரிவிக்கின்றன. பெருமழை ஓய்ந்து ஓடையின் நீர்மட்டம் தாழ்ந்து பாறைகள் வெளிப்படும்போதே இக்காட்சி தென்படும்.

ஊர்வன

மலபார் குழிவிரியன் மழை மாதங்களில் ஓடையோரத் தாழ்கிளைகளிலும் பாறைகளிலும் காணப்படுகின்றது. பச்சை, மஞ்சள், பழுப்பு எனப் பல நிறங்களில் இது தோன்றும். ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாது காத்திருந்து இரை பிடிப்பது இதன் இயல்பு. ஆகையால் இதனைப் படமெடுப்பது எளிது. மிக அருகில் செல்லும் தவறும் இதனாலேயே நேர்கின்றது.

இராச நாகம் இலைகளைக் குவித்துக் கூடு கட்டும் பாம்பாகும். பெண் பாம்பு மழைக்கு முன்னர் முட்டையிட்டுக் கூட்டைக் காவல் காக்கின்றது. மழை தொடங்கிய பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஆகும்பேயில் ரோமுலசு விட்டேக்கர் 2005ஆம் ஆண்டில் நிறுவிய மழைக்காட்டு ஆய்வு நிலையம், இப்பாம்புகளை வானொலிக் குறிப்பான்களின் உதவியுடன் ஆராய்ந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இராச நாகம் 2024ஆம் ஆண்டில் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

பறவைகள்

தூக்கணாங்குருவி மழைக்காலத்தில் கூடு பின்னுகின்றது. சுடலைக்குயில் தென்மேற்குப் பருவக்காற்றுடன் வட இந்தியாவை வந்தடைகின்றது. இராச்சசுத்தான், குசராத்து முதலிய மாநிலங்களின் புல்வெளிகளில் வரகுக்கோழியின் ஆண், மழை மாதங்களில் புல்லுக்கு மேலே எழும்பிக் குதித்துப் பெட்டையை ஈர்க்கின்றது. ஒரே நாளில் பல நூறு முறை இவ்வாறு குதிப்பதுண்டு. மிக அருகிய நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரி வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும்போது நீர்ப்பறவைகள் அங்கு வந்து கூடு கட்டுகின்றன.

பூச்சிகளும் பூஞ்சைகளும்

மழைக்கு முந்தைய வாரங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில காடுகளில் மின்மினிகள் பெருந்திரளாகக் கூடி ஒரே சீராக ஒளிர்கின்றன. மகாராட்டிரத்தின் பண்டார்தரா பகுதி இதற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகத்திலும் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தகைய பெருந்திரள் பதிவு செய்யப்பட்டது. மழை வலுத்த பின், மகாராட்டிரத்தின் பீமாசங்கர் முதலிய காடுகளில் மட்கும் மரக்கட்டைகளில் வளரும் ஒளிரும் பூஞ்சைகளைக் காணலாம்.

வரலாறு

இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் வன அலுவலரான எப். டபிள்யூ. சாம்பியன் ஆவார். விலங்கு தடம் பட்டதும் தானே இயங்கும் கருவியைக் கொண்டு, 1920களில் இரவில் புலிகளைப் படமெடுத்த இவரது நூல் 1927ஆம் ஆண்டில் வெளியானது.

தமிழரான மா. கிருட்டிணன் (1912–1996), பல்வேறு பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கருவியால் கருப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை குறித்து எழுதிய இவருக்கு 1970ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இவரது தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் சு. தியடோர் பாசுகரனால் தொகுக்கப்பட்டு வெளிவந்துள்ளது.

படச்சுருள் பயன்பாட்டில் இருந்த காலத்தில் மழைக்காடுகளுக்குள் படமெடுப்பது மிகக் கடினமாக இருந்தது. அக்காலத்து வண்ணப் படச்சுருள்கள் பலவற்றின் ஒளியுணர்திறன் 50 அல்லது 64 ஐ.எசு.ஓ. அளவே இருந்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான நிக்கான் டி3 போன்ற எண்ணிமக் கருவிகள் 6400 ஐ.எசு.ஓ. வரை இயங்கின. இது 64 ஐ.எசு.ஓ. படச்சுருளைப் போல் 100 மடங்காகும். அரை நொடி ஒளிபட வேண்டிய ஒரு காட்சியை, இதனால் 200இல் ஒரு நொடியில் பதிவு செய்ய இயன்றது. கிளையில் அசையும் குரங்கும் கத்தும் தவளையும் மழைக்கால ஒளியிலேயே தெளிவாகப் பதிவானதற்கு இம்மாற்றமே முதன்மைக் காரணம்.

திரைப்படத் துறையில் சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்திரி குறிப்பிடத்தக்கவர். அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காட்டைப் பற்றிய ஆவணப்படத்தை இவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். கருநாடகத்தின் குத்ரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி இவர் 2001ஆம் ஆண்டில் எடுத்த குறும்படம், சுரங்கத்தின் மண் மழைநீரில் கரைந்து பத்ரா ஆற்றில் கலப்பதைக் காட்டியது. சுரங்கத்தை எதிர்த்த இயக்கத்தில் அப்படம் பயன்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அச்சுரங்கம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. கோடையில் தெளிந்து ஓடும் ஆறு மழையிலேயே செந்நிறம் பெறுவதால், இச்சான்றை மழைக்காலத்தில் மட்டுமே படமாக்கியிருக்க முடியும். சந்தேசு கடூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழையை மையமாகக் கொண்டு உருவாக்கிய படம் 2009ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

ஒளியும் படமெடுக்கும் முறைகளும்

மழை மேகம் சூரிய ஒளியைப் பரவச் செய்வதால் கடுமையான நிழல்கள் தோன்றுவதில்லை. பச்சை நிறமும் ஈரத் தோலின் நிறங்களும் செறிவாகப் பதிவாகின்றன. இது மழைக்கால ஒளியின் சிறப்பாகும். ஆயினும் அடர்ந்த காட்டின் தரையை அடையும் ஒளி மிகக் குறைவு. இதனை ஈடுசெய்ய ஒளியுணர்திறனைக் கூட்டுதல், வில்லைத் துளையை அகலத் திறத்தல், ஒளிபடு நேரத்தை நீட்டித்தல் ஆகிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவதால் படத்தில் புள்ளியிரைச்சல் கூடுகின்றது. இரண்டாவதால் குவியம் பெறும் ஆழம் குறைகின்றது. மூன்றாவதால் அசைவு மங்கலாகப் பதிவாகின்றது. எதை விட்டுக்கொடுப்பது என்பது உயிரினத்தின் அசைவைப் பொறுத்து முடிவு செய்யப்படுகின்றது.

மழையைப் படத்தில் காட்டுதல்

பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகின்றது. 60இல் ஒரு நொடியில் அது 15 செ.மீ. தொலைவைக் கடந்துவிடும், எனவே படத்தில் நீண்ட கோடாகத் தோன்றும். 1000இல் ஒரு நொடியில் அது 9 மி.மீ. மட்டுமே நகரும், எனவே ஏறத்தாழ துளியாகவே தோன்றும். மழையின் ஓட்டத்தைக் காட்ட விரும்புவோர் முதல் முறையையும், துளிகளைக் காட்ட விரும்புவோர் இரண்டாம் முறையையும் கையாளுகின்றனர். பின்புறத்திலிருந்து ஒளி வரும்போதும் பின்னணி இருண்டிருக்கும்போதும் மழை தெளிவாகத் தெரியும். வெளிறிய வானத்தின் முன்னே பெருமழையும் படத்தில் புலப்படாமற் போகலாம்.

முனைவாக்க வடிகட்டி

ஈர இலைகளும் பாறைகளும் தவளையின் தோலும் வானத்தின் ஒளியை எதிரொளித்து வெண்மையாகத் தோன்றும். வில்லையின் முன் பொருத்தப்படும் முனைவாக்க வடிகட்டி இவ்வெதிரொளிப்பைக் குறைத்து உண்மையான நிறத்தை வெளிக்கொணர்கின்றது. ஆனால் இவ்வடிகட்டி வில்லைக்குள் செல்லும் ஒளியையும் ஏறத்தாழ பாதிக்கு மேல் குறைத்துவிடும். ஆகையால் அசையும் உயிரினங்களுக்கு இது பொருந்துவதில்லை.

பிளாஷ் விளக்கு

மழையில் கருவியின் மேலேயே பொருத்திய பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால், அருகிலுள்ள துளிகள் ஒளியை நேரே திருப்பியனுப்பி வெண்புள்ளிகளாகப் படம் முழுவதும் நிறையும். விளக்கைக் கருவியிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வைத்து, வெண்துணி போன்ற பரப்பி ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்துவது இதற்குத் தீர்வாகும்.

ஒளிரும் உயிரினங்கள்

மின்மினிகளைப் படமெடுக்கக் கருவியை முக்காலியில் நிறுத்தி, 15 முதல் 30 நொடி வரையிலான பல படங்களை எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைப்பது வழக்கம். ஆகவே இத்தகைய படத்தில் ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரிவதைவிட மிகுதியான ஒளிப்புள்ளிகள் இருக்கும். இணைத்து உருவாக்கிய படம் என்பதைக் குறிப்பிடுவது நேர்மையான நடைமுறையாகும். ஒளிரும் பூஞ்சைகளுக்கு 30 நொடிக்கும் கூடுதலான ஒளிபடு நேரம் தேவைப்படலாம்.

நிகழ்படமும் ஒலிப்பதிவும்

நிகழ்படத்தில் ஒவ்வொரு சட்டத்தின் ஒளிபடு நேரமும் சட்ட வீதத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றது. நொடிக்கு 240 சட்டங்களில் பதிவு செய்து 24 சட்டங்களில் ஓட்டினால் அசைவு பத்து மடங்கு மெதுவாகத் தோன்றும். ஆனால் ஒரு சட்டத்துக்கு 240இல் ஒரு நொடிக்கும் குறைவான ஒளியே கிடைக்கும். இக்காரணத்தால் மழைக்காட்டில் மெதுவோட்டக் காட்சிகளைப் பெரும்பாலும் காட்டின் திறந்த வெளிகளிலும் ஓடையோரங்களிலும் மட்டுமே எடுக்க முடிகின்றது.

ஒலிப்பதிவு தனிச் சிக்கலாகும். கருவியின் மேலுள்ள நெகிழி உறையில் மழைத்துளி விழும் ஓசை, தவளையின் குரலை மறைத்துவிடும். எனவே ஒலிவாங்கியைக் கருவியிலிருந்து அகற்றி, துளி தெறிக்காத தடித்த துணி அல்லது பஞ்சுப் பரப்பின் கீழே தனியாக வைத்துப் பதிவு செய்கின்றனர். மழை சற்று ஓயும் இடைவேளைகளில் குரல்களைத் தனியே பதிவு செய்வதும் உண்டு. தோற்றத்தில் ஒத்திருக்கும் பல தவளை இனங்களைக் குரலால் வேறுபடுத்தி அறிய இயலும் என்பதால், ஒலிப்பதிவு படத்துக்குச் சமமான சான்றாக மதிக்கப்படுகின்றது.

கருவிகளின் பாதுகாப்பு

ஈரம் கருவிகளை மூன்று வழிகளில் பாதிக்கின்றது.

1. நேரடி நனைதல்: மழைநீர் பொத்தான்கள், இணைப்பு வாய்கள் வழியே உட்புகுந்து மின்சுற்றைக் கெடுக்கின்றது. ஐ.பி. தரக்குறியீட்டில் இரண்டாவது எண் நீர்த்தடுப்பைக் குறிக்கின்றது. 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதையும் தாங்கும் என்று பொருள். தரக்குறியீடு இல்லாமல் 'நீர் எதிர்ப்பு' என்று மட்டும் விளம்பரப்படுத்தப்படும் கருவிகளுக்கு மழையுறை இன்றியமையாதது. குடை, வில்லை மறைப்பு, உலர்ந்த பருத்தித் துணி ஆகியவை எளிய துணைகளாகும்.

2. நீராவி படிதல்: குளிரூட்டிய அறையிலோ ஊர்தியிலோ இருந்த கருவியை ஈரமான வெளிக்காற்றுக்குக் கொண்டுவரும்போது வில்லையின் மேல் நீர் படிகின்றது. கருவியை மூடிய பைக்குள்ளேயே வைத்து, வெளி வெப்பநிலையை அடைந்த பின் எடுப்பது இதனைத் தவிர்க்கும்.

3. பூஞ்சை: தொடர்ந்து ஈரமான இடத்தில் வைக்கப்படும் வில்லைகளுக்குள் பூஞ்சை வளர்ந்து, அதன் கழிவுகள் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கின்றன. ஒப்பீரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ள உலர் பெட்டியில் வைப்பது பாதுகாப்பானது. காற்றுப்புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா களியைப் போட்டு வைப்பது செலவு குறைந்த முறை. ஈரமேறிய சிலிக்கா களி நிறம் மாறும்; அதனைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

நனைந்த கருவியை உடனே நிறுத்தி, மின்கலத்தையும் நினைவக அட்டையையும் நீக்கி, நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் இயக்க வேண்டும்.

களத்தில் உள்ள இடர்கள்

மலையோடைகளில் மேற்பகுதியில் பெய்த மழையால் சில நிமிடங்களில் காட்டாற்று வெள்ளம் வரலாம். படமெடுக்கும் இடத்தில் மழை இல்லாதபோதும் இது நிகழும். நீரின் நிறம் திடீரெனக் கலங்குவதும், இலைச்சருகுகள் மிதந்து வருவதும் முன்னறிகுறிகளாகும். நிலச்சரிவு மற்றோர் இடர். 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவு பல நூறு உயிர்களைப் பறித்தது. பெருமழை எச்சரிக்கை உள்ள நாட்களில் மலைப்பகுதிக்குச் செல்லாதிருப்பதே பாதுகாப்பு.

மூடுபனியிலும் மழையோசையிலும் யானை அருகில் இருப்பதை அறிவது கடினம். தேயிலைத் தோட்டங்களும் காடும் கலந்துள்ள வால்பாறையில் யானைகளின் நடமாட்டத்தைக் குறுஞ்செய்தி வழியாகவும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் வழியாகவும் மக்களுக்கு அறிவிக்கும் முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. வெளியூரிலிருந்து வருவோர் உள்ளூர் மக்களிடமும் வனத்துறையினரிடமும் கேட்டறிந்த பின்னரே நடந்து செல்ல வேண்டும்.

அட்டைகள் நோயைப் பரப்புவதில்லை எனினும் அவற்றின் கடிவாயில் குருதி நெடுநேரம் கசியும். நெருக்கமாக நெய்யப்பட்ட அட்டைக் காலுறைகள் போதிய காப்பளிக்கின்றன. தேங்கிய நீரில் புண்ணுள்ள கால்களுடன் நடப்போருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்புண்டு. இரவில் கை வைக்கும் கிளையையும் கால் வைக்கும் பாறையையும் விளக்கொளியில் பார்த்த பின்னரே தொட வேண்டும்.

உயிரினங்களுக்கு ஏற்படும் பாதிப்பு

மழைக்கால உயிரினங்கள் பலவற்றுக்கு இனப்பெருக்க வாய்ப்பு ஆண்டுக்குச் சில வாரங்களோ சில இரவுகளோ மட்டுமே. அக்காலத்தில் ஏற்படும் இடையூறு அந்த ஆண்டின் முழுத் தலைமுறையையும் பாதிக்கக்கூடும்.

கேலக்சி தவளை என்று அறியப்படும் மெலனோபட்ராக்கசு இண்டிகசு இதற்குத் துயரமான எடுத்துக்காட்டாகும். கருநிற உடலில் வெளிர்நீலப் புள்ளிகளைக் கொண்ட இச்சிறு தவளை, விழுந்த மரக்கட்டைகளின் அடியில் வாழ்கின்றது. கேரளத்தின் மதிகெட்டான் சோலையில் 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இத்தவளைகள் ஏழினைக் கண்டனர். பின்னர் அவர்கள் அங்கு சென்றபோது கட்டைகள் புரட்டப்பட்டும் செடிகள் மிதிபட்டும் இருந்தன; தவளை ஒன்றும் காணப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் அங்கு வந்த ஒளிப்படக் குழுவினர் கட்டைகளைப் புரட்டித் தவளைகளைக் கையில் எடுத்து இடம் மாற்றிப் படமெடுத்தனர் என்று, 2025ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆய்வுக்குறிப்பு தெரிவிக்கின்றது.

தவளையின் தோல் நீரையும் வளிகளையும் உட்புகவிடும் தன்மையது. எனவே கையிலுள்ள கொசுவிரட்டி மருந்தும் வெயில்காப்புக் களிம்பும் அதற்கு நஞ்சாகலாம். உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களை அழித்த கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஈரமான காலணிகள், கைகள் வழியே இது ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குப் பரவக்கூடும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு பின்வரும் நெறிமுறைகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன:

- தவளை, பாம்பு முதலியவற்றைக் கையால் தொடுதலும் இடம் மாற்றுதலும் கூடாது.
- கல், மரக்கட்டை ஆகியவற்றைப் புரட்டக் கூடாது.
- நுரைக்கூட்டையோ பறவைக்கூட்டையோ மறைக்கும் இலைகளை வெட்டுதலும் விலக்கிக் கட்டுதலும் கூடாது. அவ்விலைகளே முட்டைகளை மழையிலிருந்தும் கொன்றுண்ணிகளிடமிருந்தும் காக்கின்றன.
- பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து இனப்பெருக்கக் காலப் பறவைகளையும் தவளைகளையும் வரவழைக்கக் கூடாது.
- மின்மினிக் காடுகளில் கைவிளக்குகளையும் பிளாஷ் விளக்கையும் அணைத்து வைக்க வேண்டும். மின்மினிகளின் ஒளி இணையை அழைக்கும் குறியீடாகும். பிற ஒளி அதனைக் குலைக்கின்றது.
- ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குச் செல்லுமுன் காலணிகளைக் கழுவி உலர்த்த வேண்டும்.
- அட்டையை அகற்ற ஓடைக்கருகில் உப்பும் புகையிலைத் தூளும் கொட்டக் கூடாது.
- மழை இரவுகளில் தவளைகளும் பாம்புகளும் சாலையைக் கடப்பதால் ஊர்தியை மெதுவாகச் செலுத்த வேண்டும்.
- அரிய இனங்களின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடக் கூடாது.

உயிரினம் உடலைச் சுருக்குதல், கத்துவதை நிறுத்துதல், கூட்டை விட்டு விலகுதல் ஆகியவை இடையூற்றின் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் பின்வாங்குவதே முறையாகும்.

சட்டமும் அனுமதியும்

இந்தியாவில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 நடைமுறையில் உள்ளது. இதன் 27ஆம் பிரிவு சரணாலயங்களுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகின்றது. 28ஆம் பிரிவின்படி ஒளிப்படம் எடுத்தல் உள்ளிட்ட நோக்கங்களுக்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் அனுமதி வழங்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வாழிடத்துக்கும் காட்டுயிர்களுக்கும் பாதிப்பு ஏற்படாத வகையில் திரைப்படம் எடுத்தலையும் இப்பிரிவில் சேர்த்தது.

மழைக்காலத்தில் பல காப்பகங்கள் பார்வையாளர்களுக்கு மூடப்படுகின்றன. நடு இந்தியாவின் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகள் பொதுவாக சூலை முதல் செப்டம்பர் வரையும், குசராத்தின் கிர் தேசியப் பூங்கா சூன் 16 முதல் அக்டோபர் 15 வரையும் மூடப்படுவது வழக்கம். மண்சாலைகள் பழுதடைதலும் விலங்குகளுக்கு அமைதி தேவைப்படுதலும் இதற்குக் காரணங்களாகும். காப்பகங்களுக்கு வெளியேயுள்ள தோட்டங்கள், சாலையோரங்கள், ஊர்க்குளங்கள் ஆகியவற்றிலும் மழைக்கால உயிரினங்கள் பலவற்றைக் காணலாம். தனியார் தோட்டங்களில் உரிமையாளரின் இசைவு பெறுதல் வேண்டும்.

அறிவியல் பயன்

நாளும் இடமும் குறிக்கப்பட்ட ஒரு மழைக்காலப் படம், ஓர் இனத்தின் பரவலையும் இனப்பெருக்கக் காலத்தையும் அறிய உதவுகின்றது. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியப் பல்லுயிரியத் தளம், ஐநேச்சுரலிசுட்டு, பறவைகளுக்கான ஈபேர்டு முதலிய தளங்களில் பொதுமக்கள் தம் பதிவுகளைச் சேர்க்கின்றனர். ஐநேச்சுரலிசுட்டு தளம் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது. ஆய்வாளர் ஒருவர் ஆண்டின் எல்லா மழை இரவுகளிலும் எல்லா ஓடைகளிலும் இருக்க இயலாது. அதனால் மாணவர் ஒருவர் தம் ஊர்க்குளத்தருகே நின்று, கைபேசியில் பதிவு செய்யும் தவளைக் குரலும் ஆண்டுதோறும் தொடர்ந்தால் பயனுள்ள தரவாகின்றது. முதல் மழை பெய்த நாள், முதல் குரல் கேட்ட நாள், முட்டைகள் காணப்பட்ட நாள் ஆகியவற்றைப் படத்துடன் சேர்த்துக் குறித்து வைப்பது, பருவமழை மாறும்போது உயிரினங்களின் காலக்கணக்கு எவ்வாறு மாறுகின்றது என்பதை அறியத் துணைபுரியும்.

இவற்றையும் பார்க்க

- காட்டுயிர் ஒளிப்படக்கலை
- மேற்குத் தொடர்ச்சி மலை
- தென்மேற்குப் பருவமழை
- ஊதாத் தவளை
- மா. கிருட்டிணன்
- வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்